நெதர்லாந்தில் படிக்கப் போகிறவர்களுக்கு: எதை எப்போது செய்வது

செப்டம்பரில் வகுப்பு தொடங்க வேண்டுமென்றால் முந்தைய வருட செப்டம்பரிலேயே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். விண்ணப்பப் படிவத்தை நிரப்புவது ஒரு சாயங்கால வேலைதான். ஆனால் அதைச் சுற்றி வங்கிக் கடன், பிறப்புச் சான்றிதழ், ஆங்கிலத் தேர்வு, தங்க அறை என்று நாலைந்து கடிகாரங்கள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று நின்றால் மற்றவையும் நிற்கும். நான் முதுநிலை படிக்கப் போனபோது வரிசையைத் தலைகீழாகச் செய்தேன். இடம் கிடைத்த பிறகுதான் கடனுக்கு அலைந்தேன், விசா கிடைத்த பிறகுதான் அறை தேடினேன். முதல் மூன்று வாரம் ஒரு நண்பரின் அறையில் தரையில் படுத்தேன். ஆகவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் வரிசையைப் பற்றியது.

முதலில், எந்தக் கதவு உங்களுக்குத் திறக்கும்?

நெதர்லாந்தில் உயர்கல்வி இரண்டு தனித்தனிப் பாதைகள். ஒன்று ஆய்வுப் பல்கலைக்கழகம்: லெய்டன், உட்ரெக்ட், க்ரோனிங்கன், ஆம்ஸ்டர்டாம், டெல்ஃப்ட், ஐந்தோவன், வாகெனிங்கன் போன்றவை. இன்னொன்று ஹோகஸ்கோல் எனப்படும் தொழில்சார் பல்கலைக்கழகம்: ஹான்சே, ஃபோன்டிஸ், சாக்சியன் போன்றவை. ஆங்கிலத்தில் இரண்டுமே தங்களை 'யுனிவர்சிட்டி' என்றுதான் சொல்லிக்கொள்ளும். இரண்டாவது வகை 'அப்ளைடு சயின்சஸ்' என்று வால் சேர்த்துக்கொள்ளும். நம்மூர்ப் பெற்றோருக்கு இது பெயர் வித்தியாசமாகத் தெரியும். அங்கே அது படிப்பின் தன்மையையே மாற்றுகிறது. ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் இளநிலை மூன்று ஆண்டு, 180 கிரெடிட். ஹோகஸ்கோலில் நான்கு ஆண்டு, 240 கிரெடிட். அதில் நிறுவனப் பயிற்சியும் உண்டு. ஒரு கிரெடிட் என்றால் 28 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. ஆண்டுக்கு 60 கிரெடிட்.

அவர்கள் நாட்டுப் பிள்ளைகளே பன்னிரண்டு வயதுவாக்கில் தனித்தனிப் பள்ளிப் பாதைகளில் பிரிந்துவிடுகிறார்கள். ஆறாண்டு 'வேவேஓ' முடித்தவர் ஆய்வுப் பல்கலைக்கழகத்துக்கும், ஐந்தாண்டு 'ஹாவோ' முடித்தவர் ஹோகஸ்கோலுக்கும் போவார். உங்கள் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இந்த இரண்டில் எதற்குச் சமம் என்பதுதான் சேர்க்கை அலுவலகம் கேட்கும் முதல் கேள்வி. மதிப்பெண் அதற்குப் பிறகுதான். நஃபிக் என்ற அமைப்பு ஒவ்வொரு நாட்டுச் சான்றிதழையும் ஒப்பிட்டு விளக்கம் வெளியிட்டிருக்கிறது. பல்கலைக்கழகங்களும் நாடுவாரியாகப் பட்டியல் வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியல்களில் இந்தியாவுக்கு எதிரே சிபிஎஸ்இ, ஐஎஸ்சி இரண்டையும் தனியாகவும் மாநிலப் பாடத்திட்டங்களைத் தனியாகவும் பார்ப்பது வழக்கம். 'ஸ்டேட் போர்டில் 580 எடுத்திருக்கிறேன், எனக்கா கிடைக்காது?' என்று கேட்பவர்கள் உண்டு. 580 நல்ல மதிப்பெண்தான். ஆனால் அந்தப் பட்டியலில் உங்கள் போர்டு எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கனவு காணுங்கள். இலங்கையிலிருந்து போகிறவர்கள் தங்கள் உயர்தரச் சான்றிதழை அதே பட்டியலில் இலங்கைக்கான வரியில் தேட வேண்டும். எத்தனை பாடம், என்ன தரம் என்று அங்கே இருக்கும்.

அடுத்த வடிகட்டி கணக்கு. பொருளியல், வணிகம், கம்ப்யூட்டர், பொறியியல், ஏன், உளவியலுக்குக்கூடப் பல இடங்களில் பள்ளி அளவில் கணக்குப் பாடம் கேட்பார்கள். பதினொன்றாம் வகுப்பில் கணக்கில்லாத வணிகவியல் பிரிவு எடுத்தவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். வழி அடைபட்டுவிடவில்லை. ஆன்லைனில் எழுதும் ஓஎம்பிடி போன்ற கணிதத் தேர்வுகளைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. ஆனால் அதற்குத் தயாராக மூன்று நாலு மாதம் தேவை, விண்ணப்பத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

முதுநிலைக்குப் போகிறவர்களுக்கு இதே கேள்வி வேறு உருவில் வரும். நான்காண்டு பி.இ., பி.டெக். இருந்தால் பெரும்பாலும் தடையில்லை, சிஜிபிஏ மட்டும் பார்ப்பார்கள். மூன்றாண்டு பி.எஸ்சி., பி.காம். மட்டும் இருந்தால் சில முதுநிலைப் படிப்புகள் போதாது என்று சொல்லும், சில 'ப்ரீ மாஸ்டர்' என்ற பாலப் படிப்பைக் கேட்கும், சில அப்படியே ஏற்கும். துறை மாறிப் போவதும் அங்கே கடினம். மெக்கானிக்கல் படித்துவிட்டு டேட்டா சயின்ஸுக்குப் போட்டால், நீங்கள் படித்த கணிதப் பாடங்களின் கிரெடிட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும்.

படிப்பைத் தேர்வு செய்யும்போது

இளநிலைப் படிப்புகளில் பெரும்பகுதி டச்சு மொழியில்தான். ஆங்கிலத்தில் இருப்பவையும் குறையலாம். வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற அரசியல் பேச்சு சில ஆண்டுகளாகவே அங்கே பலமாக இருக்கிறது. இளநிலைப் படிப்புகளை டச்சுக்கு மாற்றச் சொல்லும் சட்ட முன்வரைவும் வந்தது. ஆகவே இரண்டு வருடம் முன்பு போன அண்ணன் சொன்னார் என்பதை நம்பாமல், நீங்கள் சேரும் ஆண்டுக்கான பக்கத்தைத் திறந்து மொழி என்ன என்று பாருங்கள். முதுநிலையில் இந்தக் கவலை குறைவு. அங்கே ஆங்கிலமே பரவலாக இருக்கிறது.

இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். படிப்புக்கு என்விஏஓ என்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா? கல்லூரி, வெளிநாட்டு மாணவர்களுக்கான நடத்தை விதித் தொகுப்பில் கையெழுத்திட்டிருக்கிறதா? இந்த இரண்டாவது பட்டியலில் இல்லாத நிறுவனம் உங்களுக்கு மாணவர் விசா வாங்கித் தர முடியாது. அழகான கட்டடமும் தள்ளுபடிக் கட்டணமும் காட்டும் சில தனியார் பள்ளிகள் இங்கேதான் கழன்றுகொள்ளும். பட்டியல் இணையத்தில் இருக்கிறது, தேட ஐந்து நிமிடம் போதும்.

அப்புறம், சில படிப்புகளுக்கு 'நூமெரஸ் ஃபிக்ஸஸ்' என்று போட்டிருக்கும். இடங்கள் எண்ணிக்கையில் வரம்பு, ஆகவே போட்டித் தேர்வு உண்டு. டெல்ஃப்டின் விண்வெளிப் பொறியியல் இளநிலை, அதே ஊரின் கம்ப்யூட்டர் சயின்ஸ் இளநிலை, சில ஊர்களின் உளவியல் எல்லாம் இந்த வகை. இதன் தேதியும் விதியும் வேறு, கீழே சொல்கிறேன்.

பெயர்: சின்ன விஷயம், பெரிய தலைவலி

இதைப் பிற மாநிலத்துக்காரர்கள் எழுதிய வழிகாட்டிகளில் பார்க்க மாட்டீர்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், சிலருக்கு அந்த இடம் காலியாக இருக்கும், சிலருக்கு இனிஷியல் விரிந்து முன்னால் போயிருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால், பட்டத்தில் முன்னால், பாஸ்போர்ட்டில் இல்லவே இல்லை என்று ஒரே ஆள் மூன்று ஆளாக இருப்போம். டச்சு அலுவலகங்களோ குடும்பப் பெயரைக் கொண்டே உலகத்தை அடுக்குகின்றன.

செய்ய வேண்டியது இதுதான்: பாஸ்போர்ட்டை மூலமாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு இணங்கக் கொண்டு வாருங்கள். ஆங்கிலத் தேர்வுக்குப் பதியும்போதும் விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், உங்கள் ஒற்றைப் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டு அங்கே பதிவு செய்வார்கள். பாஸ்போர்ட் எப்படியும் புதுப்பிக்க வேண்டியிருந்தால், குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயரைப் போட்டு விண்ணப்பத்துக்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது. அங்கே போனபின் டாக்டர் வரவேற்பறையில் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். எழுந்து போக வேண்டியது நீங்கள்தான்.

பிறப்புச் சான்றிதழையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் பலருடைய சான்றிதழில் குழந்தையின் பெயர் என்ற இடத்தில் கோடு போட்டிருக்கும். பிறந்தவுடன் பதிந்து, பெயர் வைத்தபின் சேர்க்க மறந்தது. நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பெயர் சேர்த்து, ஆங்கிலத்திலும் இருக்கும் புதுப் பிரதி வாங்க வேண்டும். அதன்மேல் அப்போஸ்டில் எனப்படும், ஆவணத்தை வெளிநாட்டிலும் செல்லுபடியாக்கும் முத்திரை வேண்டும். இந்தியாவும் நெதர்லாந்தும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருப்பதால் இந்த ஒரு முத்திரை போதும், தூதரகச் சான்று தேவையில்லை. முதலில் மாநில அரசின் ஒப்புதல், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை என்பது வரிசை. இந்தச் சான்றிதழைக் கேட்கப்போவது பல்கலைக்கழகம் அல்ல, நீங்கள் குடியேறும் ஊரின் நகராட்சி. அதனால் விண்ணப்ப வழிகாட்டிகளில் இது விட்டுப்போகிறது. அங்கிருந்துகொண்டு ஊரிலுள்ள அப்பாவைத் தாலுகா அலுவலகத்துக்கு அலையவிடுவதைவிட, போகும் முன்பே முடிப்பது மேல்.

ஸ்டுடிலிங்கும் தேதிகளும்

நாடு முழுவதற்கும் பொதுவான பதிவுத் தளம் ஸ்டுடிலிங்க். அக்டோபர் 1 அன்று அடுத்த ஆண்டுக்கான பதிவு திறக்கும். டச்சு மாணவர்கள் தங்கள் அரசு அடையாளத்தால் உள்ளே போவார்கள். நமக்கு மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் போதும். ஒரே நேரத்தில் நான்கு படிப்புகள் வரை போடலாம், அதில் நூமெரஸ் ஃபிக்ஸஸ் படிப்பு அதிகபட்சம் இரண்டு. இளநிலையானாலும் முதுநிலையானாலும் ஸ்டுடிலிங்கில் பதிந்த பிறகு பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்துக்கான கடவுச்சொல் மின்னஞ்சலில் வரும். உண்மையான விண்ணப்பம் அங்கேதான். ஸ்டுடிலிங்கில் பெயரைப் பதிந்துவிட்டு 'அப்ளை பண்ணிவிட்டேன்' என்று நிம்மதியாக இருந்து, இரண்டாவது மின்னஞ்சலைக் குப்பையில் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

நூமெரஸ் ஃபிக்ஸஸ் படிப்புகளுக்குக் கடைசி நாள் ஜனவரி 15. நாடு முழுவதும் அதே நாள், இரக்கம் கிடையாது. அதன்பின் தேர்வு, வீட்டுப்பாடம், சில இடங்களில் நேர்காணல். ஏப்ரல் 15 அன்று தரவரிசை எண் வரும். இடம் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் ஸ்டுடிலிங்கில் ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

மற்ற இளநிலைப் படிப்புகளுக்கு மே 1 என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் விசா தேவைப்படுபவர்களுக்குப் பல கல்லூரிகள் ஏப்ரல் 1 என்றோ அதற்கும் முன்போ வைத்திருக்கின்றன. முதுநிலையில் இது இன்னும் கலவை. டெல்ஃப்ட் போன்ற இடங்களில் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு ஜனவரி நடுவிலேயே கதவு மூடிவிடும். உதவித்தொகைக்கும் சேர்த்துப் போடுகிறவர்கள் பிப்ரவரி 1க்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம். பல ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பக் கட்டணமாக 100 யூரோ வரை வாங்கும். கட்டணம் கட்டும்வரை உங்கள் கோப்பை யாரும் திறக்க மாட்டார்கள். நம்ம டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி வைத்துவிட்டுக் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே கட்டுங்கள். நேர வித்தியாசம் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை.

ஆவணங்கள், அந்த ஒரு கடிதம்

மதிப்பெண் பட்டியல், பட்டம் அல்லது புரொவிஷனல், பாஸ்போர்ட், தன்விவரம், ஆங்கில மதிப்பெண், ஊக்கக் கடிதம், சில இடங்களில் பேராசிரியர் பரிந்துரை. இறுதியாண்டில் இருப்பவர்கள் அதுவரையிலான செமஸ்டர் பட்டியலைக் கொண்டு விண்ணப்பிக்கலாம். 'நிபந்தனையுடன் சேர்க்கை' கிடைக்கும், கோடையில் குறிப்பிட்ட நாளுக்குள் பட்டம் முடித்த சான்றைக் காட்ட வேண்டும். உங்கள் பல்கலைக்கழகம் ரிசல்ட் போட வழக்கமாக எவ்வளவு தாமதிக்கும் என்பதைச் சீனியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அரியர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால் அந்த ஆண்டை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். 6.0 என்பது ஹோகஸ்கோலுக்கான வழக்கமான அளவு. ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் 6.5 கேட்கும், சில 7. மொத்த மதிப்பெண் மட்டுமல்லாமல் ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாக ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் இருக்கும். நம் பிள்ளைகள் வழுக்குவது பெரும்பாலும் எழுத்துப் பிரிவில். 'ஆங்கில வழியில் படித்தேன்' என்ற கல்லூரிக் கடிதம் பல இடங்களில் செல்லாது.

இனி ஊக்கக் கடிதம். 'சிறுவயது முதலே எனக்கு இயந்திரங்கள் மீது ஆர்வம்' என்று ஆரம்பிக்கும் கடிதத்தை அவர்கள் ஆயிரம் படித்திருப்பார்கள். டச்சுக்காரர்கள் நேராகப் பேசுகிறவர்கள், புகழ்ச்சியில் மயங்குகிறவர்கள் அல்லர். அந்தப் படிப்பின் இரண்டாம் செமஸ்டரில் உள்ள எந்தப் பாடம் உங்களுக்கு வேண்டும், உங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றீர்கள், அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று ஒரு பக்கத்தில் சொல்லிவிடுங்கள். ப்ராஜெக்ட் வெளியே காசு கொடுத்துச் செய்ததென்றால் அதை எழுதாதீர்கள், நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

என் தோழி ஒருத்தி ஒரு கன்சல்டன்சியில் முப்பதாயிரம் ரூபாய் கொடுத்தாள். அவர்கள் எழுதித் தந்த கடிதத்தில் வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயர் ஒரு இடத்தில் மாற்றப்படாமல் அப்படியே இருந்தது. அனுப்பிய பிறகுதான் பார்த்தாள். இத்தனைக்கும் விண்ணப்பம் முழுவதும் இணையத்தில் நாமே செய்யக்கூடியது. சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டால் பதிலும் வரும்.

பணம்

ஐரோப்பிய ஒன்றியத்தாருக்கு ஒரு கட்டணம், நமக்கு வேறு. 2025-26க்கு அவர்களுடைய சட்டபூர்வக் கட்டணம் 2,601 யூரோ. இணையத்தில் இந்த எண்ணைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். நமக்கு ஹோகஸ்கோல் இளநிலை சுமார் 8,000 முதல் 12,000 யூரோ, ஆய்வுப் பல்கலைக்கழக முதுநிலை சுமார் 15,000 முதல் 25,000 யூரோ ஆண்டுக்கு. பொறியியல் மேல் முனையில் இருக்கும்.

இதற்கு மேல் வாழ்க்கைச் செலவுக்கான தொகையைக் காட்ட வேண்டும். குடிவரவுத் துறையான ஐஎன்டி ஆண்டுதோறும் ஒரு தொகையை நிர்ணயிக்கும். இப்போது அது மாதத்துக்கு 1,100 யூரோவைத் தாண்டிவிட்டது. பன்னிரண்டு மாதத்துக்குப் பெருக்கினால் 13,000க்கு மேல். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இந்தத் தொகையைத் தங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லி, நீங்கள் அங்கே வங்கிக் கணக்கு திறந்தபின் திருப்பித் தரும். முதல் தவணைக் கட்டணமும் இதுவும் சேர்ந்து மே, ஜூனில் ஒரே மூச்சில் போக வேண்டும். பத்திருபது லட்சத்தைத் தாண்டும் பணம்.

ஆகவே கடன் கடிகாரம் ஜனவரியிலேயே ஓடத் தொடங்க வேண்டும். அரசு வங்கிகளில் ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் சொத்து அடமானம் கேட்பார்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், வக்கீலின் லீகல் ஒப்பீனியன், பொறியாளரின் மதிப்பீடு என்று ஒவ்வொன்றும் ஒரு வாரம் இரண்டு வாரம் தின்னும். வீடு தாத்தா பெயரிலேயே இருந்து பாகப்பிரிவினை ஆகாமல் இருந்தால் முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இதை எந்தப் பல்கலைக்கழக இணையதளமும் உங்களுக்குச் சொல்லாது. சொந்தப் பணம் அனுப்புகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், ஆனால் அனுப்பும் நேரத்தில் கையில் இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் கல்விக் கடனில் போகும் பணத்துக்கு இந்தப் பிடித்தம் இல்லை.

உதவித்தொகை இருக்கிறது, ஆனால் முழுச் செலவையும் தாங்குபவை அபூர்வம். என்எல் ஸ்காலர்ஷிப் என்பது முதல் ஆண்டுக்கு மட்டும் 5,000 யூரோ; பங்கேற்கும் கல்லூரிகள்தான் தரும். ஆம்ஸ்டர்டாம், உட்ரெக்ட், லெய்டன், ட்வென்டே ஆகியவை தங்கள் பெயரிலேயே தருகின்றன. இரண்டு மூன்று நாடுகளில் படிக்கும் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலைகளில் டச்சுப் பல்கலைக்கழகங்கள் பல இருக்கின்றன. உதவித்தொகை தாராளம், போட்டி கடுமை. பகுதி நேர வேலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நமக்கு வாரம் 16 மணி நேரம், அல்லது கோடை மூன்று மாதம் முழு நேரம். இரண்டில் ஒன்றுதான். அதற்கும் முதலாளி நமக்காக வேலை அனுமதி வாங்க வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்து பலர் ஐரோப்பியப் பாஸ்போர்ட் உள்ளவரையே எடுத்துக்கொள்வார்கள்.

விசா

இது பயப்படுத்தும் பகுதி போலத் தெரியும், உண்மையில் இதுதான் சுலபம். தூதரக நேர்காணல், 'ஏன் திரும்பி வருவாய்' என்ற கேள்வி எதுவும் கிடையாது. உங்களுக்காகப் பல்கலைக்கழகமே ஐஎன்டியிடம் விண்ணப்பிக்கும். நீங்கள் பாஸ்போர்ட் நகல், குற்றப் பின்னணி இல்லை என்ற உறுதிமொழி, பணச் சான்று ஆகியவற்றை அவர்கள் தளத்தில் ஏற்றி, இருநூறு யூரோவுக்கு மேல் வரும் கட்டணத்தைக் கட்டினால் போதும். சில வாரத்தில் ஒப்புதல் வரும். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு எம்விவி எனப்படும் நுழைவு ஸ்டிக்கர் வேண்டும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்டுக்கும்தான். ஒப்புதல் வந்து மூன்று மாதத்துக்குள் அதை ஒட்டிக்கொள்ள வேண்டும். ஜூலையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஒப்புதல் வந்த அன்றே பதியுங்கள்.

அறை, அறை, அறை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். அந்த நாட்டில் மாணவர் அறைத் தட்டுப்பாடு எவ்வளவு மோசமென்றால், அறை கிடைக்காவிட்டால் கிளம்பி வராதீர்கள் என்று பல்கலைக்கழகங்களே சேர்க்கை பெற்ற மாணவர்களுக்கு எழுதியிருக்கின்றன. ஆம்ஸ்டர்டாம், உட்ரெக்ட், லெய்டன், டெல்ஃப்ட், க்ரோனிங்கன் எல்லாமே நெருக்கடி ஊர்கள். என்ஷெடே போன்ற எல்லையோர ஊர்களில் கொஞ்சம் மூச்சு விடலாம். இரண்டு ஊரிலும் இடம் கிடைத்து, படிப்பும் சமமாக இருந்தால், நான் அறை கிடைக்கும் ஊரைத்தான் சொல்வேன்.

பல்கலைக்கழகம் முதலாண்டு வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒதுக்கி வைக்கும் அறைகள் உங்கள் முதல் வாய்ப்பு, பெரும்பாலும் கடைசி நல்ல வாய்ப்பும் அதுதான். டியூவோ, எஸ்எஸ்எச் போன்ற மாணவர் குடியிருப்பு அமைப்புகள் வழியாக வரும். முந்தியவருக்கு முதலிடம். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே அந்த இணைப்பைத் தேடுங்கள். 'கொஞ்சம் பார்க்கலாம்' என்று ஒரு வாரம் தள்ளினால் போச்சு. அதில் கிடைக்காவிட்டால் கமர்நெட், ரூம் போன்ற தளங்கள், முகநூல் குழுக்கள். டச்சு மாணவர்கள் சேர்ந்து வாழும் வீடுகளில் 'ஹோஸ்பிட்டேர்' என்று ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கும் படலம் மாதிரி பத்துப் பேரை வரவழைத்துப் பேசி, பிடித்தவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்தியாவிலிருந்து வீடியோவில் இதில் ஜெயிப்பது கஷ்டம்.

வாடகை 500 முதல் 900 யூரோ வரை போகும். முன்பணம் விஷயத்தில் சென்னையைவிட நல்ல சட்டம்: 2023 ஜூலை முதல் இரண்டு மாத அடிப்படை வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்துக்கு முன் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: இந்த முகவரியில் நகராட்சியில் பதிந்துகொள்ள முடியுமா? முடியாது என்றால் வேண்டாம். பதிவில்லாமல் குடிமக்கள் எண் இல்லை, எண் இல்லாமல் வங்கிக் கணக்கு திறப்பதும் பாடு. பல்கலைக்கழகத்தில் போட்டு வைத்த உங்கள் 13,000 யூரோவும் அதுவரை திரும்பி வராது.

மோசடியும் இங்கேதான் அதிகம். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்' என்று வந்தால் அதோடு பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அந்த ஊரில் இருக்கும் ஒரு சீனியரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லாமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள். ஒவ்வொரு பெரிய பல்கலைக்கழகத்திலும் இந்திய மாணவர்களின் வாட்ஸப் குழு இருக்கும், அதில் தமிழர்கள் தனியாக ஒரு குழு வைத்திருக்க வாய்ப்பு அதிகம். மே மாதமே நுழைந்துவிடுங்கள்.

இறங்கிய பிறகு

ஆகஸ்ட் நடுவில் போய்ச் சேர்வது நல்லது. அறிமுக வாரம் அப்போதுதான். வந்த ஐந்து நாளுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும் என்பது விதி. அதற்கான அப்பாயின்ட்மென்ட்டை ஊரிலிருந்தே போடுங்கள். அப்போஸ்டில் போட்ட பிறப்புச் சான்றிதழ் இங்கேதான் வெளியே வரும். இந்தியர்கள் மூன்று மாதத்துக்குள் காசநோய்ப் பரிசோதனைக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும்.

காப்பீட்டில் ஒரு பொறி உண்டு. படிப்பு மட்டும் என்றால் மாணவர் தனியார் காப்பீடு போதும். சம்பளத்துக்கு ஒரு மணி நேரம் வேலை பார்த்தாலும் டச்சு அடிப்படைக் காப்பீடு கட்டாயமாகும். மாதம் 150 யூரோ அளவில் செலவு, வருமானம் குறைவென்றால் அரசிடமிருந்து ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். இதற்கிடையே சிஏகே என்ற அலுவலகத்திலிருந்து இந்தக் காப்பீட்டைப் பற்றி டச்சு மொழியில் ஒரு கடிதம் வரும். விளம்பரம் என்று தூக்கிப் போடாதீர்கள், பதில் போடாவிட்டால் அபராதம்.

படிப்பில், 10க்கு 5.5 வந்தால் தேர்ச்சி. 8 எடுத்தால் பேராசிரியர் கைகுலுக்குவார், 10 யாருக்கும் எளிதில் விழாது. சதம் எடுத்துப் பழகியவர்கள் முதல் தேர்வில் 6.5 பார்த்து அழுதுவிடாதீர்கள். இளநிலையில் முதலாண்டில் பல இடங்களில் 40 முதல் 45 கிரெடிட் எடுக்காவிட்டால் படிப்பைவிட்டு அனுப்பிவிடுவார்கள். விசாவுக்குத் தனிக் கணக்கு: ஆண்டின் கிரெடிட்டில் பாதியாவது வர வேண்டும், இல்லாவிட்டால் பல்கலைக்கழகம் ஐஎன்டிக்குச் சொல்ல வேண்டும். பட்டம் வாங்கிய மூன்று ஆண்டுக்குள் 'ஸூக்யார்' என்ற ஓராண்டு வேலை தேடும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த ஓராண்டில் எந்த வேலையும் பார்க்கலாம், 16 மணி நேரக் கட்டு கிடையாது.

லெய்டனில் இடம் கிடைத்தவர்களுக்கு ஒரு துணைச் செய்தி: நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைச் சோழர் கொடுத்த செப்பேடுகளை 'லெய்டன் செப்பேடுகள்' என்று சொல்வது அவை அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால்தான். நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தின் மிச்சம்.

கடைசியாகச் சைக்கிள். முதல் வாரத்திலேயே பழைய சைக்கிள் ஒன்று வாங்குங்கள், ரசீதோடு. தெருவில் யாராவது இருபது யூரோவுக்கு நீட்டினால் அது திருட்டு சைக்கிள், வாங்கினாலும் குற்றம். பூட்டு இரண்டு வேண்டும்: ஒன்று பின்சக்கரத்துக்கு, ஒன்று கம்பியோடு சேர்த்துக் கட்டச் சங்கிலி. பூட்டின் விலை சைக்கிளை நெருங்கினாலும் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.